வெள்ளை வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள்

மாடம்பாக்கம்
20 டிசம்பர் 2025

அனுப்புநர்: ஹஃபீசா, செயலாளர், முத்தேரி அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்
பெறுநர்: அப்துல் கஃபார், உரிமையாளர், ஏ.ஜி. பூச்சிக் கட்டுப்பாடு, கீழ்க்கட்டளை

பொருள்: ஏரிப் பூச்சித் தொல்லை, கொட்டேஷன் கோருதல்

ஐயா,

எங்கள் அடுக்ககம் ஏரியைப் பார்த்தபடி இருப்பது. மழை நின்று ஏரி நிறைந்ததிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் கொசுவைப் போன்ற ஒரு பூச்சி கூட்டங்கூட்டமாக வருகிறது. கடிப்பதில்லை. ஆனால் சுவர், படிக்கட்டு, லிப்ட், சாப்பாட்டுத் தட்டு என்று அது இறங்காத இடமில்லை. பால்கனியில் நின்று வாயைத் திறந்து பேச முடியவில்லை. காலையில் வாசலில் செத்துக் கிடப்பதை முறத்தால் அள்ளிக் கொட்டுகிறோம்.

வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டுப் புகை அடித்துப் பார்த்தோம். அன்று செத்தது. மறுநாள் சாயங்காலம் புதிதாக அத்தனையும் வந்தது.

எங்கள் பொருளாளர் ஜெயப்ரியா, தங்கள் நிறுவனம் அவருடைய அலுவலகத்தில் செய்த வேலையைப் பாராட்டிச் சொன்னார். கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்ததால் இக்கடிதம். தாங்கள் என் கூடப் பிறந்த அண்ணன் என்பது கமிட்டியில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதைச் செயலாளராக எழுதுகிறேன், தங்கையாக அல்ல.

போனில் அழைக்க வேண்டாம். தங்கள் நம்பர் என் போனில் பிளாக் செய்யப்பட்டிருப்பது தாங்கள் அறிந்ததே. பதிலை எழுதி ஆள் மூலம் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஹஃபீசா
செயலாளர்


கீழ்க்கட்டளை
22 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொல்லாமல் விட்ட சலாமையும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். என்னை 'ஐயா' என்று கூப்பிட்டிருக்கிறாய். நீ பிறந்ததிலிருந்து என்னை எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறாய், இந்த மரியாதை மட்டும் இதுவரை கிடைத்ததில்லை. கடிதத்தை பிரேம் போட்டு ஆபீஸில் மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் வந்து பார்த்தேன். பயப்படாதே, கேட்டுக்குள் வரவில்லை. ரோட்டிலேயே நின்றேன். நீ குடிபோன அன்று என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'ஏரிக்கரையில வூடு வாங்கிகீறே, பூச்சி வந்தா அண்ணனத்தான் கூப்பிடுவே பாரு' என்று தமாஷாகச் சொன்னேன். நீ சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், 'கூப்பிட மாட்டேன், நான் கூப்பிடாம நீங்களும் இந்த வாசப்படி மிதிக்க வேணாம்' என்றாய். தமாஷுக்கு அப்படி ஒரு பதிலை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. மிதிக்கவில்லை. மிதிக்கவும் மாட்டேன்.

இனி வேலை விஷயம். உங்கள் காம்பவுண்டில் ஏரியைப் பார்த்து ஒரு பெரிய வெள்ளை ஃபோகஸ் லைட் வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற எங்கள் ஆள் துளசிங்கம் அதைப் பார்த்துவிட்டு, 'இன்னா பாய் இது, வூடா ஸ்டேடியமா?' என்று கேட்டார். ஏரியில் இருக்கிற பூச்சி மொத்தத்துக்கும் நீங்கள் பத்திரிகை அடித்து அழைப்பு வைத்திருக்கிறீர்கள். அது வருகிறது.

மருந்து அடிக்க மாட்டேன். அடித்தால் காசுதான் வீண். அந்த லைட்டை எடுங்கள். இதுதான் என் கொட்டேஷன்.

அப்துல் கஃபார்


மாடம்பாக்கம்
24 டிசம்பர் 2025

அண்ணா,

வ அலைக்கும் ஸலாம். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதினால் மரியாதையாக எழுத வேண்டியிருக்கிறது. அதனால் வெறும் தாளில் எழுதுகிறேன்.

அந்த லைட்டை வைத்தது நான். செயலாளராக ஆனதும் நான் செய்த முதல் வேலை அது. அதற்கு முன் பொழுது சாய்ந்தால் ஏரிக்கரை நடைபாதையில் ஒரு பெண் கால் வைக்க முடியாது. பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். இன்று நானும் ஜெயப்ரியாவும் மூன்றாவது மாடி பட்டு மாமியும் இரவு இஷா தொழுகைக்குப் பிறகும் கையை வீசிக்கொண்டு நடக்கிறோம். காலேஜ் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். ரோட்டில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு 'எடு' என்று எழுதிவிட்டீர்கள். எடுக்க மாட்டேன்.

இந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சவூதியில் தம்மாமிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பியது எங்கள் ஃபஹீமாவின் படிப்புக்குப் போயிற்று. இந்த வீடு ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் யூனிஃபார்ம் தைத்து வாங்கிய வீடு. அதைக் குடிபோன அன்றே பூச்சி வீடு என்று சிரித்தவர் நீங்கள். இப்போது நீங்கள் சொன்னபடி பூச்சி வந்துவிட்டது. சந்தோஷமா?

எனக்குச் சண்டை போட நேரமில்லை. ஃபஹீமாவுக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம். பையன் பெயர் முதாசிர், பல்லாவரம், தோல் கம்பெனி ஒன்றில் டிசைனர். ஜனவரி 11 ஞாயிறு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு. அவர்கள் குடும்பத்தில் நிச்சயம் பொழுது சாயும் அந்த நேரத்தில்தான். மாற்ற மாட்டார்கள். போன வாரம் பேச வந்தபோது பையனுடைய அம்மா ரோஸ்மில்க் கிளாஸின் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போகும்போது, 'ஒரு ஹால்ல வெச்சுக்கலாமே, நாங்களே பாத்துக்குறோம்' என்றார். நல்ல மனசோடு சொன்னார்தான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. 'எம் பொண்ணு நிச்சயம் எங்க வீட்லதான்' என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதை நடத்திக் காட்ட வேண்டும். லைட்டும் இருக்க வேண்டும், பூச்சியும் வரக் கூடாது. உங்களால் முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், வேறு ஆள் பார்க்கிறேன்.

ஹஃபீசா


கீழ்க்கட்டளை
27 டிசம்பர் 2025

ஹஃபீசா,

ஃபஹீமாவுக்கு நிச்சயம். அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தேன். அவளுடைய நிச்சயச் செய்தியை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஏரியில் பிறந்த ஒரு பூச்சி. அது இல்லாவிட்டால் யாரோ சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. பல்லாவரத்தில் எனக்குக் கஸ்டமர்கள் உண்டு. போன மாதம் அங்கே ஒரு கடையில், தோல் கம்பெனி டிசைனர் பையனுக்குப் பார்த்திருக்கிற யாரோ ஒரு பெண் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் மாமன் பெரிய 'கெமிக்கல் பிசினஸ்' செய்கிறாராம். நானும் யாரோ என்று கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். அந்த மாமன் நான்தான் என்று உன் கடிதத்தைப் படித்ததும் தெரிகிறது.

வலித்தது, ஹஃபீசா. மறைக்காமல் சொல்கிறேன். பூச்சி பிடிக்கிறவன் என்று சொல்ல உனக்கு என்ன கூச்சம்? ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தேவையில்லாத இடத்தில் நான் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை, அடித்ததாகப் பில் போட்டதும் இல்லை. இந்தத் தொழிலில் அப்படிச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் வேலைக்கு நான் வைத்த பெயர் போதும்.

சரி. முடியாது என்று எழுதச் சொன்னாய். அது என் வாயில் வராது.

மீன் தொட்டிக்குப் போடச் சிவப்பாக நெளியும் புழு வாங்குவார்களே, உங்கள் பூச்சி அதுதான். ஏரிச் சேற்றில் கிடந்து, மழைத் தண்ணீர் நிறைந்ததும் இறக்கை முளைத்து, பொழுது சாயும்போது மொத்தமாகக் கிளம்பும். இருக்கப்போவது சில நாள். அதற்குச் சாப்பாடு வேண்டாம், நம் இரத்தம் வேண்டாம், வெள்ளை வெளிச்சம் மட்டும் வேண்டும். ஏரிக்கு மருந்து போட முடியாது. மீன் இருக்கிறது, வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெண்கள் நடக்கும் வழி என்று சொன்னாய், அது நியாயம். உயரத்தில் இருக்கும் லைட்டை இறக்கிவிட்டு, நடைபாதை ஓரம் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் விளக்குகள் வை. மேலே மூடி, வெளிச்சம் தரையில் மட்டும் விழ வேண்டும். இப்போதைவிட நன்றாக வழி தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. எல்லா வீட்டு பால்கனியிலும் ஹாலிலும் வெள்ளை ட்யூப் எரிகிறது. சாயங்காலம் ஆனால் அதை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு போட வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் பூச்சி அந்த வீட்டு வழியாக மொத்தக் கட்டடத்துக்கும் வரும். அத்தனை பேரையும் சம்மதிக்க வைப்பது உன் வேலை. மற்றது என் வேலை.

நிச்சயத்தன்று நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். அதற்காக எனக்கு அழைப்பு வைக்க வேண்டாம். வேலைக்கு வருகிறவனுக்கு வர்க் ஆர்டர் போதும்.

அப்துல் கஃபார்


மாடம்பாக்கம்
4 ஜனவரி 2026

அண்ணா,

கெமிக்கல் பிசினஸ் என்று சொன்னது நான்தான். அதில் பொய் என்ன இருக்கிறது? உங்கள் குடோனில் இருப்பது கெமிக்கல் இல்லாமல் பன்னீரா? உங்களுக்கு இரண்டும் பையன்கள். பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் முதல் தடவை உட்கார்ந்து பேசும்போது நாக்கு எப்படிப் புரளும் என்று உங்களுக்குத் தெரியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

துளசிங்கம் வந்து பெரிய லைட்டை இறக்கி, நடைபாதை விளக்குகளை வைத்துவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறது. நேற்று நடக்கும்போது என் செருப்பு வார் அறுந்திருப்பது கூடத் தெரிந்தது. பூச்சி பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி வீடுகளின் ட்யூப் லைட்டுக்கு வருகிறது, நீங்கள் எழுதிய மாதிரியே.

இன்று காலை பார்க்கிங்கில் மீட்டிங் போட்டேன். 'மேடம், உங்க வீட்டு ஃபங்ஷனுக்கு நாங்க ஏன் இருட்டுல உக்காரணும்?' என்று ஒருவர் ஆரம்பித்தார். ஃபங்ஷன் ஒரு நாள், பூச்சி பிப்ரவரி வரைக்கும், யாருக்கு வேண்டுமோ அவர்கள் முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து பட்டு மாமி எழுந்தார். அவர் எழுந்தால் கட்டடமே அவர் பக்கம். 'விளக்கு வெக்கற நேரத்துல ஆத்தை இருட்டாக்கச் சொல்றியே ஹஃபீசா, அதுவும் மார்கழி மாசத்துல? உம் பொண்ணு நிச்சயத்தன்னிக்கும் வீடு இருட்டா இருக்கலாமா?' என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அது சரிதானே என்று பட்டது. நம் வீட்டிலும் அம்மா மஃரிபுக்கு முன் விளக்கைப் போடச் சொல்லி விரட்டுவார்களே.

பிறகு பேசினேன். இருட்டு வேண்டாம் மாமி, நீங்கள் ஏற்றுகிற அகல் விளக்கை இந்தப் பூச்சி ஏறெடுத்தும் பார்க்காது, அது தேடி வருவது வெள்ளை ட்யூபைத்தான் என்றேன். சேற்றில் கிடக்கிற சிவப்புப் புழு, இறக்கை, சில நாள் ஆயுசு, ஏரியில் மருந்து போட்டால் யார் வயிற்றில் அடிக்கும், எல்லாம் சொன்னேன். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. 'இவ்ளோ விஷயம் எப்படிக்கா தெரியும்?' என்று ஜெயப்ரியா கேட்டாள். படித்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நேரம் முழுவதும் நான் கஃபார் பாயின் தங்கையாகத்தான் நின்று பேசினேன். அவர்களுக்குத்தான் தெரியாது.

எல்லா வீடும் கையெழுத்துப் போட்டாயிற்று. பட்டு மாமி, 'அப்போ எல்லா பால்கனியிலயும் அகல் ஏத்திடலாமே' என்று அவராகவே சொன்னார். என் வேலை முடிந்தது. உங்கள் வேலையைச் செய்யுங்கள்.

ஹஃபீசா


கீழ்க்கட்டளை
8 ஜனவரி 2026

ஹஃபீசா,

மொத்தக் கட்டடத்தையும் ஒரே காலையில் சம்மதிக்க வைத்தாயா? பத்து வருடமாக நான் ஒரு அசோசியேஷனிலும் இதைப் பார்த்ததில்லை. ஒருவர் வாஸ்து என்பார், ஒருவர் கண் டாக்டர் என்பார், கடைசியில் புகை அடித்துவிட்டுப் போ என்பார்கள். துளசிங்கத்திடம் சொன்னேன். 'யார் வூட்டுப் பொண்ணு அது' என்றார். எங்கள் வூட்டுப் பொண்ணு என்றேன்.

ஞாயிறு ஏற்பாடு இது. ஏரிக்கரையின் அந்தக் கோடியில் லாசரஸ் நர்சரி இருக்கிறதே, அவரிடம் இடம் கேட்டிருக்கிறேன். உங்களிடமிருந்து இறக்கிய அதே ஃபோகஸ் லைட்டையும் எங்களுடைய இன்னும் சில வெள்ளை விளக்குகளையும் ஜெனரேட்டர் வைத்து அங்கே ஏற்றுவோம். அடியில் அகலமான தொட்டிகளில் சோப்புத் தண்ணீர். உங்கள் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் வெள்ளை. கிளம்புகிற பூச்சி எல்லாம் அங்கே போகும். அஸருக்கே, வெயில் இருக்கும்போதே வந்து எல்லாவற்றையும் தயார் செய்துவிடுவோம்.

பிரியாணி அண்டாவை ஏரிப் பக்கம் வைக்காதே, பின்னால் பார்க்கிங்கில் வை. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறவர்களை பால்கனிக்கு விடாதே. வீடியோக்காரர் பெரிய லைட்டோடு வருவார், அவரிடம் முன்னாலேயே சொல்.

எங்களுக்குச் சாப்பாடு கரைக்கு அனுப்ப வேண்டாம். நாங்கள் கட்டிக்கொண்டு வருவோம். அழைக்காத விசேஷத்தில் சாப்பிட அத்தா நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்துல் கஃபார்


மாடம்பாக்கம்
10 ஜனவரி 2026

அண்ணா,

எல்லாம் தயார். வெள்ளை சீரியல் செட் வாங்கி வைத்திருந்தேன், கடையில் கொடுத்துவிட்டு மஞ்சள் வாங்கினேன். வீடியோக்காரர் முறைத்துக்கொண்டார், சரி செய்தாயிற்று. பட்டு மாமி எல்லா வீட்டுக்கும் திரி திரித்துக் கொடுத்திருக்கிறார். ஃபஹீமா காலையிலிருந்து மாமா வருவாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு வருவார் என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயல வேண்டாம். தாளில் எழுதித் துளசிங்கம் கையில் கொடுத்தனுப்புகிற விஷயம் இல்லை அது.

ஹஃபீசா


கீழ்க்கட்டளை
13 ஜனவரி 2026

ஹஃபீசா,

உனக்குப் புத்தி இருக்கிறதா? பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மஃரிப் முடிந்து விருந்தாளிகள் நிறைந்திருக்கிற நேரத்தில், சம்பந்தி அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கரைக்கா வருவாய்? பூச்சி அங்கே விளக்குக்கும் வானத்துக்குமாகத் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. என் தாடியில் பூச்சி, தொப்பியில் பூச்சி, சட்டைக்குள் பூச்சி. வருகிறேன் என்று சொல்லியிருந்தால் மாற்றுச் சட்டையாவது கொண்டுவந்திருப்பேன்.

அந்த அம்மா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, 'யாருங்க இவரு?' என்று கேட்டதும் நீ சொன்னாயே, அதை நான் துளசிங்கத்தை விட்டு இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டேன். 'எங்க அண்ணன். பூச்சி புடிக்கிறதுதான் இவரு தொழில். இவர மாதிரி அந்த வேல தெரிஞ்ச ஆளு இந்த மெட்ராஸ்ல கெடையாது. இவரு வந்து உக்காந்தாத்தான் நாங்க பாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணுவோம். வாங்கண்ணா வீட்டுக்கு.' அந்த அம்மா விடவில்லை. 'அப்போ கெமிக்கல் பிசினஸ் பண்றவரு?' என்றார். 'அதுவும் இவருதான்' என்றாய். உன் வாய்க்கொழுப்பு எந்தக் காலத்திலும் குறையப்போவதில்லை.

ஹாலில் உட்கார்ந்ததும் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி. ஒரு பூச்சி இல்லை. பிறகு ஒன்றே ஒன்று மாப்பிள்ளையின் தோளில் போய் உட்கார்ந்தது. அது என் சட்டையோடு வந்தது, உன் வீட்டுக் கணக்கில் சேர்க்காதே. மாப்பிள்ளை அதைத் தட்டாமல் மெதுவாக ஊதிவிட்டார். பையன் நல்ல பையன்.

பல்லாவரத்துக்காரர்கள் கட்டடம் பூராவும் அகலும் மஞ்சள் விளக்கும் எரிவதைப் பார்த்து, எங்களுக்காகவா இவ்வளவு அலங்காரம் என்று கேட்டார்கள். பட்டு மாமி, 'பின்னே, எங்க பொண்ணாச்சே' என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வீடு நல்ல வீடு. நல்ல காற்று. இது என் தங்கை சொந்த உழைப்பில் வாங்கிய வீடு என்று சம்பந்தியிடம் நானாகவே சொன்னேன். சாப்பிடும்போது ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. அவர் கேட்கவே இல்லை. பிரியாணியில் உப்பு கொஞ்சம் குறைவு.

நம்பரைத் திறந்துவிடு. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

உன் அண்ணன்


மாடம்பாக்கம்
1 பிப்ரவரி 2026

அண்ணா,

அஸ்ஸலாமு அலைக்கும். நம்பரை அன்றைக்கே திறந்துவிட்டேன். தினமும் காலையில் நீங்கள் அனுப்புகிற குட் மார்னிங் ரோஜாவைப் பார்த்தால் திரும்ப மூடிவிடலாமா என்று இருக்கிறது. உப்பு சரியாகத்தான் இருந்தது. கரையில் நின்று உங்கள் நாக்குதான் செத்திருந்தது.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் ஏதாவது தமாஷ் பேசுவீர்கள், நானும் பதிலுக்குப் பேசுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

பெருநாள் முடிந்து ஏப்ரலில் நிக்காஹ். நேற்று தாம்பரத்தில் அச்சகத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகையில் பெரியவர்கள் பெயருக்குக் கீழே அவரவர் தொழிலைப் போடுவது வழக்கம்தானே. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் எக்ஸ்போர்ட்டர், இன்ஜினியர், அட்வகேட் என்று வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் என்று உங்கள் பெயரை எழுதினேன். கீழே 'பூச்சிக் கட்டுப்பாடு, கீழ்க்கட்டளை' என்று எழுதினேன். அச்சகத்துக்காரர் அதைப் படித்துவிட்டு, 'தொழிலதிபர்னு போட்டுடலாமா மேடம்? பாக்க நல்லா இருக்கும்' என்று கேட்டார். 'நான் எழுதுனதப் போடுங்க' என்றேன்.

புரூஃப் எடுத்துக் கொடுத்தார். எல்லோருடைய தொழிலும் ஒரே அளவில் இருந்தது, உங்களுடைய வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. திருப்பிக் கொடுத்து, அந்த வரியை அண்ணன் பெயர் இருக்கிற அதே அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னேன். அவர் மாற்றி, அச்சடித்து, முதல் பத்திரிகையை என் கையில் கொடுக்கிற வரைக்கும் அந்தக் கடையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

ஹஃபீசா